ஊரும் அணியும்: கொழும்பு மாநகரின் விளையாட்டுக் கழகங்கள்

மக்கள் இரு பிரிவாக நின்று தம்முள் வலிமை காட்டும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. போர்க்களத்தில் அது அழிவுக்கு ஏதுவாகும். ஆடுகளத்தில் அதுவே மகிழ்ச்சிக்கு ஏதுவாகும். ஆடுவோர் எத்தனை பேராயினும், அவர் பின்னே நின்று ஆர்ப்பரிப்போர் அவரினும் பன்மடங்கினர். அங்ஙனம் ஆர்ப்பரிக்கும் ஒருவன் ஓர் அணியினைத் 'தன் அணி' என்று கொள்வதற்குக் காரணம் யாது? அவன் பிறப்பா, அவன் வாழும் ஊரா, அன்றி அவன் செலுத்தும் நுழைவுக் கட்டணமா? இவ்வினாவுக்கு விடை காணப் புகுவோர்க்குக் கொழும்பு மாநகரின் விளையாட்டுக் கழகங்களது வரலாறு நல்லதொரு சான்றாக அமைந்துள்ளது. தலைநகரின் வரலாறாயினும் அது மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் மக்களுக்கும் தொடர்புடையதே என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

வடசேரியும் தென்சேரியும்

அணி எனும் கருத்து மட்டக்களப்பு மக்களுக்குப் புதிதன்று. கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி இந்நாட்டில் நிகழ்ந்துவந்த கொம்பு விளையாட்டில் ஊர்மக்கள் வடசேரி என்றும் தென்சேரி என்றும் இரு கட்சியாகப் பிரிந்து நின்றனர். வடசேரியார் கோவலன் கட்சியினர். தென்சேரியார் கண்ணகி கட்சியினர். வளைந்த இரு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இழுக்குங்கால், எவருடைய கொம்பு முறிந்ததோ அவர் தோற்றவராவர். வென்றோர் பாடி ஆடித் தோற்றோரை எள்ளி நகையாடுவர். மழை பொய்த்தும் நோய் மலிந்தும் ஊர் துன்புற்ற காலங்களில் அம்மனின் சினத்தைத் தணிக்கும் பொருட்டு இது நிகழ்த்தப்பட்டது என்பர். வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இவ்விளையாட்டினை எடுத்துரைத்துள்ளார். தேற்றாத்தீவிலுள்ள கொம்புச்சந்திப் பிள்ளையார் ஆலயத்தின் பெயர் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றது. சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வ வழிபாட்டோடு இணைந்து 'அங்கெலிய' என்னும் பெயரால் வழங்குவதும் இதுவே. அவர் தம் இரு கட்சிகளை உடுபில, யட்டிபில என அழைப்பர்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. இச்சேரிகளை எவரும் காசு கொடுத்து வாங்கியதில்லை; எவரும் தம் விருப்பின்படி தெரிந்துகொண்டதுமில்லை. ஒருவன் பிறக்கும்போதே அவன் சேரியும் அவனோடு பிறந்தது. எனினும், இரு சேரியாரும் ஓரூரவர். ஒரே கோயிலில் வழிபடுவோர். ஒரே வயல்வெளியில் அயல்வரம்பினர். விளையாட்டு முடிந்ததும் பகையும் முடிதல் வேண்டும் என்பது அவ்விளையாட்டின் உட்பொருள். பிரிவு ஊருக்குள்ளே நிகழ்ந்தது, ஊரோ பிரியவில்லை. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு கொழும்பு மாநகரை நோக்குதல் தகும்.

சட்டசபையும் ஆடுகளமும்

கிரிக்கெற் என்னும் துடுப்பாட்டத்தை இலங்கைக்குக் கொணர்ந்தோர் ஆங்கிலப் படைவீரரும் உத்தியோகத்தரும் ஆவர். 1832ஆம் ஆண்டில் கொழும்புக் கிரிக்கெற் கழகம் தோன்றிற்று. அது நெடுங்காலம் ஐரோப்பியர்க்கே உரியதாய் இருந்தது. ஆங்கிலக் கல்லூரிகள் பெருகியபோது இந்நாட்டு மாணவரும் ஆட்டத்தைக் கற்றனர். இன்றைய றோயல் கல்லூரிக்கும் பரி. தோமாவின் கல்லூரிக்கும் இடையே 1879இல் தொடங்கிய ஆட்டம் இன்றும் ஆண்டுதோறும் நிகழ்கின்றது.

கல்லூரியை விட்டு நீங்கிய இளைஞர்க்கு ஆட இடம் வேண்டியிருந்தது. ஐரோப்பியர் கழகத்திலோ அவர்க்கு இடமில்லை. ஆகவே அவர் தமக்கெனக் கழகங்களை அமைத்தனர். 1872இல் மலாயர் கழகமும், 1873இல் கோல்ற்ஸ் கழகமும், 1896இல் பரங்கியர் பொழுதுபோக்குக் கழகமும், 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும், அதே ஆண்டில் தமிழ் யூனியன் கழகமும், 1908இல் சோனகர் விளையாட்டுக் கழகமும் எழுந்தன. இப்பட்டியலை நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பந்தும் துடுப்பும் எல்லார்க்கும் பொதுவாயிருக்க, கழகங்கள் மட்டும் இனத்துக்கொன்றாக அமைந்தது ஏன்?

அதற்கு விடை ஆடுகளத்தில் இல்லை. அரசியல் அமைப்பில் உள்ளது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைப்படி 1833இல் அமைந்த சட்டநிரூபண சபையில், உத்தியோகப் பற்றற்ற உறுப்பினராக ஐரோப்பியர் மூவரும், சிங்களவர், தமிழர், பரங்கியர் ஆகியோர் ஒவ்வொருவரும் நியமனம் பெற்றனர். 1889இல் கண்டிச் சிங்களவர்க்கும் சோனகர்க்கும் ஒவ்வோர் இடம் வழங்கப்பட்டது. ஒருவன் அரசின் கண்ணிற் படவேண்டுமாயின் ஓர் இனத்தவனாகவே படவேண்டும் என்பது அவ்வமைப்பின் பொருள். சட்டசபையில் இடம்பெற்ற இனங்களின் பட்டியலும் விளையாட்டுக் கழகங்களின் பட்டியலும் பெரும்பான்மை ஒத்திருத்தல் தற்செயல் எனல் பொருந்தாது. ஆட்சியாளர் மக்களை எண்ணிய முறையிலேயே மக்களும் தம்மை எண்ணத் தலைப்பட்டனர்.

இவ்வழக்குக்கு மாறாகவும் ஒரு கழகம் இருந்தது. 1888இல் தோன்றிய 'நொன்டெஸ்கிரிப்ற்ஸ்' என்னும் அக்கழகத்தின் பெயருக்கு 'இன்னார் எனக் குறிக்கப்படாதார்' என்று பொருள் கொள்ளலாம். எவ்வினத்தவரும் அதிற் சேரலாம் என்பதே அப்பெயரின் கருத்து. சட்டசபையிலும் இத்தகைய ஓர் இடம் பின்னர் உண்டாயிற்று. 'படித்த இலங்கையர்'க்கென ஒதுக்கப்பட்ட அவ்விடத்துக்கு 1911 டிசம்பரில் நிகழ்ந்த தேர்தலில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானார். சிங்கள வாக்காளர் பலர் தமிழரொருவரைத் தெரிந்தமை அந்நாளிற் பெரிதும் போற்றப்பட்டது. அத்தேர்தலுக்கு இருபத்துமூன்று ஆண்டுகள் முன்னரே ஆடுகளத்தில் அக்கருத்து முளைவிட்டிருந்தமை கருதத்தக்கது.

தமிழ் யூனியன் கழகம்

தமிழர் பெயரால் அமைந்த கழகத்தின் வரலாறு தனியே கூறத்தக்கது. வனாத்தமுல்லைப் பகுதியிற் கிடந்த சதுப்புநிலம் திருத்தப்பெற்று, 1940இல் 'கொழும்பு ஓவல்' என்னும் மைதானமாகத் திறக்கப்பட்டது. அம்முயற்சியிலும் கழகத்தின் வளர்ச்சியிலும் முன்னின்றவர் பாக்கியசோதி சரவணமுத்து ஆவர். பிற்காலத்தில் இலங்கைக் கிரிக்கெற் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் தலைவராகவும் அவர் விளங்கினார். 1950இல் அவர் மறைந்தபின், கழகங்களுக்கிடையேயான போட்டிக் கிண்ணம் அவர் பெயரைப் பெற்றது. மைதானமும் 1977இல் பா. சரவணமுத்து அரங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

1948 மார்ச்சில், இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கிய அவுஸ்திரேலிய அணி அம்மைதானத்திலேயே ஆடிற்று. அவ்வணியின் தலைவர் டொனால்ட் பிரட்மன். இலங்கை அணியின் தலைவர் தமிழ் யூனியன் கழகத்தைச் சேர்ந்த ம. சதாசிவம். ஆடுதளம் இருபத்திரண்டு யார் இருத்தற்குப் பதிலாக இருபது யாரே இருந்தது பின்னர்க் கண்டறியப்பட்டதென்பது துடுப்பாட்ட வரலாற்றில் நகைச்சுவையோடு கூறப்படும் செய்தியாகும். அதற்கு முந்திய ஆண்டில், 1947இல், சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராகச் சதாசிவம் 215 ஓட்டங்கள் பெற்றார். பின்னாளிற் சிங்கப்பூர், மலாயா ஆகிய நாடுகளின் அணிகளுக்கும் தலைமை தாங்கும் பேறு அவர்க்குக் கிடைத்தது.

இலங்கை 1981இல் ரெஸ்ற் நிலை பெற்றது. அதன் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் 1982 பெப்ரவரி 17ஆம் நாள் இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிற்று. நாட்டின் அப்பெருநிகழ்ச்சிக்கு இடமளித்தது சரவணமுத்து அரங்கமே. இங்கிலாந்து ஏழு விக்கெற்றுகளால் வென்றதெனினும், நாடு முழுவதற்கும் உரிய ஒரு மரபு ஒரு தமிழர் கழகத்தின் மண்ணில் தொடக்கம் பெற்றமை சிறிய செய்தியன்று. அடுத்த ஆண்டு யூலையில் அதே நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரியுண்டன என்பதை நினைக்குங்கால், ஆடுகளத்தின் ஆற்றலும் அதன் எல்லையும் ஒருங்கே புலனாகின்றன. ஆடுகளம் மக்களை ஒன்றுகூட்டும். கூடியவரைக் காக்கும் வலிமை அதற்கில்லை.

பம்பாயும் கொழும்பும்

இனத்துக்கோர் அணி எனும் முறை கொழும்புக்கு மட்டும் உரியதன்று. பம்பாய் மாநகரில் ஐரோப்பியரும் பார்சிகளும் ஆடிய போட்டி 1892இல் முறைப்படி தொடங்கி, 1907இல் இந்துக்களும், 1912இல் முசுலிம்களும், 1937இல் 'ஏனையோர்' என்னும் பெயரில் மற்றையோரும் சேர, ஐவரணிப் போட்டியாக வளர்ந்தது. பல்லாயிரவர் அதனைக் காணத் திரண்டனர். இந்துக்கள் அணியினுள்ளேயே சாதி வேற்றுமை தலைகாட்டிற்று. பந்துவீச்சில் இணையற்று விளங்கிய பல்வாங்கர் பாலுவுக்கு அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்னும் காரணத்தால் தலைமைப் பதவி மறுக்கப்பட்டது. அவர் தம்பி விட்டல் 1923இல் அப்பதவியைப் பெற்றார். சமயத்தின் பேரால் ஆட்டம் பிரிக்கப்படுதலைக் காந்தியடிகள் 1940இற் கண்டித்தார். 1946உடன் அப்போட்டி நின்றொழிந்தது.

பம்பாய் அப்பெயர்களைக் கைவிட்டது. கொழும்போ பெயர்களை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிற்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்தபோதிலும், இனப்பெயர் தாங்கிய கழகங்கள் மறையவில்லை. ஆயினும் காலப்போக்கில் அவற்றின் வாயில்கள் திறந்தன. திறமையுடையோன் எவ்வினத்தவனாயினும் எக்கழகத்தும் ஆடலாம் என்னும் நிலை உண்டாயிற்று. கண்டியிற் பிறந்து கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில் ஆடிய முத்தையா முரளிதரன் தமிழ் யூனியன் கழகத்தைச் சார்ந்தார். அவர் விலகிய பின் நாட்டின் சுழற்பந்து வீச்சைத் தாங்கி நின்ற சிங்கள வீரர் ரங்கன ஹேரத்தும் அதே தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடியவரே. கழகத்தின் பெயரைக் கேட்டு வீரனின் இனத்தை ஊகிக்க இன்று இயலாது.

இவ்விரு வழிகளில் எது சிறந்தது? பெயரை மாற்றுதல் எளிது. வழக்கத்தை மாற்றுதல் அரிது. பம்பாயில் இந்துக்கள் அணி, முசுலிம்கள் அணி என்பன மறைந்த அடுத்த ஆண்டிலேயே நாடு சமயத்தின் பேராற் பிரிந்தது. கொழும்பிற் பழம்பெயர் நிலைத்தவாறே, அப்பெயர் குறித்த வேலி மெல்லத் தளர்ந்தது. ஆகவே பெயரொன்றே கேடு விளைப்பதுமில்லை. அதனை நீக்குவதொன்றே நன்மை பயப்பதுமில்லை. வாயில் திறந்திருக்கின்றதா, அடைத்திருக்கின்றதா என்பதே வினாவாகும்.

கூலிக்கு ஆடுவோர்

இதுகாறும் கூறப்பட்ட கழகங்களின் வீரர் பெரும்பாலும் பொழுதுபோக்காக ஆடியவர். அவர்க்கு வாழ்வளித்தவை வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசாங்கத் திணைக்களங்களும் முப்படைகளுமே. விளையாட்டையே தொழிலாகக் கொள்ளும் முறை மேலைநாடுகளில் முன்னரே வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் சின்சினாற்றி நகரிலிருந்த பேஸ்போல் அணி 1869இல் வீரர் அனைவர்க்கும் வெளிப்படையாக ஊதியம் வழங்கிற்று. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1885இல் ஊதிய ஆட்டத்தை ஏற்றுக்கொண்டது. துடுப்பாட்டத்தில் 'கனவான்கள்' என்றும் 'ஆட்டக்காரர்' என்றும் வீரரை இருவகுப்பாக்கிய வழக்கம் 1962இலேயே ஒழிந்தது.

ஆசியாவில் இத்துறையில் முன்னோடியாய் நின்றது யப்பான். தோக்கியோ நகரில் யொமியூரிச் செய்தித்தாளின் அதிபர் சொரிக்கி மற்சுத்தாரோ 1934இல் ஊதிய பேஸ்போல் அணியொன்றை அமைத்தார். அடுத்த ஆண்டில் ஒசாக்காப் பகுதியில் ஹன்சின் இரயில்வே நிறுவனம் ஓர் அணியை எழுப்பிற்று. 1936இல் அணிகளின் கூட்டிணைப்பு உண்டாயிற்று. இவ்வணிகள் நிறுவனங்களின் பெயரையே தாங்கின. செய்தித்தாள் விற்கவும் புகைவண்டிக்குப் பயணிகளைச் சேர்க்கவும் அணி துணை செய்தது. ஆயினும் 1993இல் யப்பானிய உதைபந்தாட்டக் கூட்டிணைப்பு ஆட்டங்களைத் தொடங்கியபோது வேறொரு நெறியை வகுத்தது. அணிகள் நிறுவனப் பெயரை விடுத்து, தாம் வாழும் ஊரின் பெயரைப் பூணவேண்டும் என்பதே அந்நெறி. தோக்கியோ எரிவாயு நிறுவனத்தின் அணியும் பின்னர் நகரின் பெயரையே தன் பெயராக ஏற்றது. பணம் நிறுவனத்தினுடையதாயினும் அணி ஊருடையதாதல் வேண்டும் என யப்பானியர் கண்டுகொண்டனர்.

இலங்கையில் முதற்தரத் துடுப்பாட்டப் போட்டி 1988-89ஆம் பருவத்தில் 'லக்ஸ்பிறே' கிண்ணத்தின் பெயரால் முறைப்படி தொடங்கியபோது, ஆடியவை பெரும்பாலும் கொழும்பையும் அதன் அயலையும் சார்ந்த கழகங்களே. சிங்கள விளையாட்டுக் கழகம், கொழும்புக் கிரிக்கெற் கழகம், நொன்டெஸ்கிரிப்ற்ஸ் கழகம் ஆகிய மூன்றின் மைதானங்களும் கொழும்பின் ஒரே பகுதியில், நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. தூர மாகாணங்களில் உள்ள ஒரு சிறுவன் நாட்டின் அணியில் இடம்பெற விரும்பின், முதலில் இம்மூன்று நான்கு மைல் வட்டத்துள் வந்து குடியேறவேண்டியவனானான்.

போர்க்காலத்தில் கொழும்பும் துன்புற்றது. 1987 ஏப்ரிலில் நகரின் பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டினால் நியூசிலாந்து அணி ஓர் ஆட்டத்தோடு நாடு திரும்பியது. அதன்பின் 1992 வரை இலங்கை மண்ணில் ரெஸ்ற் ஆட்டம் நிகழவில்லை. 1996 சனவரி இறுதியில் மத்திய வங்கி தாக்குண்டபோது, உலகக் கிண்ணப் போட்டிக்குக் கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அந்நிலையில் இந்திய, பாகிஸ்தானிய வீரர் ஒரே அணியாகச் சேர்ந்து கொழும்பில் வந்து ஆடினர். மார்ச் 17ஆம் நாள் இலாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை வென்று கிண்ணத்தைப் பெற்றது. அவ்வணியில் முரளிதரனும் இருந்தார்.

வாங்கப்படும் அணிகள்

இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஏலமுறைத் துடுப்பாட்டத்தின் வெற்றியைக் கண்டு, இலங்கையும் அவ்வழியிற் செல்ல முயன்றது. 2012இல் நடைபெற்ற சிறீலங்கா பிரீமியர் லீக் போட்டியில் மாகாணங்களின் பெயரால் ஏழு அணிகள் ஆடின. அவற்றுள் ஒன்று 'நாகெனஹிர நாகாஸ்'. நாகெனஹிர என்பது கிழக்கு எனப் பொருள்படும் சிங்களச் சொல். அக்கிழக்கு அணி இறுதியாட்டம் வரை சென்று ஊவா அணியிடம் தோற்றது. எனினும், அப்போட்டிகள் கொழும்பிலும் பல்லேகலையிலுமே நிகழ்ந்தன. மட்டக்களப்பிலோ திருகோணமலையிலோ அம்பாறையிலோ ஓர் ஆட்டமேனும் நடைபெறவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டி கைவிடப்பட்டதும் அவ்வணியும் மறைந்தது. கிழக்கின் பெயர் ஒரு பருவம் பயன்பட்டது. கிழக்கின் மக்கள் அதனை அறியுமுன்னரே அது முடிந்தது.

2020 நவம்பரில் லங்கா பிரீமியர் லீக் தொடங்கிற்று. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து அணிகள். கொள்ளைநோய்க் காலமாதலின் எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையிற் பார்வையாளர் இன்றி நடைபெற்றன. திசர பெரேரா தலைமையில் ஆடிய யாழ்ப்பாண அணி கிண்ணத்தை வென்றது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் அவ்வணியில் ஆடினார். வடபுல மக்கள் பெரிதும் மகிழ்ந்தனர். 2024 வரை நிகழ்ந்த ஐந்து பருவங்களில் நான்கில் யாழ்ப்பாண அணியே வெற்றி பெற்றது. ஆயினும் அவற்றுள் ஓர் ஆட்டமும் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததில்லை.

கொழும்பு அணியின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 2020இல் அது கொழும்பு கிங்ஸ். 2021, 2022ஆம் ஆண்டுகளிற் கொழும்பு ஸ்ரார்ஸ். 2023, 2024ஆம் ஆண்டுகளிற் கொழும்பு ஸ்ரைக்கர்ஸ். தம்புள்ளை அணியும் அங்ஙனமே உரிமையாளர் மாறுந்தோறும் பெயர் மாறிற்று. 2023இல் வீரர் முதன்முறையாக ஏலத்தில் விடப்பட்டனர். நேற்று ஓரணிக்கு ஆடியவன் இன்று எதிரணியில் நிற்பான். அவனை வாழ்த்திய கூட்டம் அவனை வைதற்கும் ஆயத்தமாதல் வேண்டும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் யூனியன் கழகம் பெயர் மாறாது, ஆடுவோர் மட்டும் மாறி வந்தது. ஏலத்தின் வழிவந்த அணிகளிலோ பெயரும் வீரரும் உரிமையாளரும் ஒருங்கே மாற, எஞ்சி நிற்பது ஊர்ப்பெயர் ஒன்றே. அவ்வூர்ப்பெயரும் ஊராரைக் கேட்டு வைக்கப்பட்டதன்று.

இதனாற் பணத்துக்கு ஆடுதல் இழிவென்று கூறுதல் முறையன்று. வறிய குடும்பத்துப் பிள்ளை தன் கைத்திறனால் வாழ வழி உண்டாதல் நன்றே. முற்காலக் கழகங்களில் ஆடியோர் பலர் பெரும் கல்லூரிகளிற் பயின்று உத்தியோகம் பெற்றவர் என்பதும், சம்பளமின்றி ஆடும் பெருமை வயிறு நிறைந்தோர்க்கே இயன்றது என்பதும் மறத்தற்குரியனவல்ல. குறை பணத்தில் இல்லை. அணிக்கும் ஊருக்கும் இடையே கடமை ஒன்றும் வைக்கப்படாமையே குறை.

மட்டக்களப்பு கற்கவேண்டியது

மட்டக்களப்பில் ஊருக்கும் விளையாட்டுக்கும் இடையே இத்தகைய கடமை முன்னர் இருந்ததுண்டு. அமெரிக்க இயேசுசபைத் துறவியர் புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்தபோது கூடைப்பந்தாட்டத்தையும் உடன்கொணர்ந்தனர். அவருள் ஹரல்ட் வெபர் அடிகளார் கூடைப்பந்தையும் ஓட்டப்போட்டிகளையும் பயிற்றியதோடு, நகரின் மைதானத்தை ஆக்குவதிலும் உழைத்தார். அம்மைதானம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. யூஜின் ஹெபேர்ட் அடிகளார் வளர்த்த கூடைப்பந்து அணிகள் நாடறிந்தவை. 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் அவரும் அவருடன் சென்றவரும் காணாமற் போயினர். தூர தேசத்தவராய்ப் பிறந்து, இவ்வூர்ச் சிறுவரைத் தம் அணியாகக் கொண்டு, இவ்வூர் மக்களின் துன்பத்திலும் பங்கேற்று மறைந்தவர் அவர். பிறப்பால் அவர் இவ்வூரார் அல்லர். விலைகொடுத்து எவரும் அவரை வாங்கவுமில்லை. ஒருவன் ஓர் அணிக்கு உரியவனாதற்கு மூன்றாவது வழியும் ஒன்றுண்டு, அஃது உழைப்பு, என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

லங்கா பிரீமியர் லீக்கின் ஐந்து பருவங்களிலும் கிழக்கு மாகாணத்துக்கு அணி இல்லை. ஓர் அணி கிடைப்பின் அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் 2012ஆம் ஆண்டின் அனுபவம் ஓர் எச்சரிக்கை. வாவியோரத்துச் சிறுவன் பயில ஆடுதளமும், அவனைப் பயிற்ற ஆசிரியரும், அவன் ஆடுவதைக் காண ஊராரும் இல்லாதவிடத்து, கிழக்கின் பெயரைப் பொறித்த சட்டையைப் பிறர் அணிந்து பிறிதோர் ஊரில் ஆடுதலால் விளையும் பயன் சிறிது. களுவாஞ்சிக்குடிச் சிறுவனும் காத்தான்குடிச் சிறுவனும் ஏறாவூர்ச் சிறுவனும் அம்பாறைச் சிறுவனும் ஒரே மைதானத்தில் ஒரே அணியாய் நிற்கப் பழகின், அவ்வணிக்குப் பெயரிடுதல் பின்னர் எளிதாகும். முப்பது ஆண்டுப் போரும், அதனோடு சேர்ந்த இனக்கலவரங்களும் இவ்வூர்களுக்கிடையே எழுப்பிய வேலிகளைக் கருதும்போது, இது விளையாட்டுச் செய்தி மட்டுமன்று என்பது விளங்கும்.

கொழும்பின் வரலாறு காட்டும் நெறி இதுவே. இனத்தாற் பிரிந்து தோன்றிய கழகங்கள் வாயிலைத் திறந்ததனால் நிலைத்தன. பணத்தாற் பிறந்த அணிகள் ஊரைச் சேராமையால் ஆண்டுதோறும் பெயர் தேடுகின்றன. வடசேரியும் தென்சேரியும் கயிற்றை இருபுறமும் பற்றி இழுத்தபோது, அவ்விரு பக்கத்தாரும் ஒரே அம்மனின் மக்களாய் நின்றனர். எதிர்த்து நிற்றற்கும் சேர்ந்து வாழ்தற்கும் இடமளித்த அப்பழைய ஒழுங்கினைப் புதிய மைதானங்களில் மீண்டும் ஆக்குதல் இம்மண்ணின் கல்விக்கூடங்களின் கடமையாகும்.